பின்னணிப் புத்தகத்தில் ஆறு வரிகள்

விஜயகலா எண்ணுகிற வேலைக்கு வந்தவள் இல்லை. கூட்டுகிற வேலைக்கு வந்தவள். 1993இல், எஹலியகொடவுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டத்தின் நாலாம் நம்பர் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள். வயது இருபத்திரண்டு. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்குத் திறமைச் சித்தி. அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. தும்புத்தடியைக் கையில் கொடுத்தார்கள்.

ஆற்றுக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இருந்தது அந்த ஆய்வுகூடம். தனியார் இடம். கப்பலேறும் தேயிலையிலும் கப்பலில் வரும் பால்மாவிலும் கதிர்த்தொழிற்பாடு இருக்கிறதா என்று அளந்து சான்றிதழ் கொடுப்பார்கள். மாணிக்கக்கல் வியாபாரிகளும் வருவார்கள். நிறம் ஏற்றக் கதிர் பாய்ச்சிய கற்களுக்கு வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் காகிதம் கேட்டார்கள்.

அளக்கும் கருவி பின்னறையில் இருந்தது. நெஞ்சளவு உயரத்தில் ஒரு ஈயப் பெட்டி. சுவர் நான்கு அங்குலத் தடிப்பு. உள்ளே போத்தல் அளவில் டிடெக்டர். மாதிரியை வைத்து மூடி அரைமணி நேரம் எண்ணவேண்டும். எதுவும் வைக்காமல் மூடினாலும் அது எண்ணும். சுவரிலிருந்தும் நிலத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஏதோ வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பின்னணி என்று பெயர். தினமும் காலையில் வெறும் பெட்டியை எண்ணி எழுதிவைத்தால்தான் பிறகு வருகிற எண்ணிக்கையில் தேயிலையுடையது எவ்வளவு, வெறுமையுடையது எவ்வளவு என்று பிரிக்க முடியும். அதற்காக ஒரு நீளமான புத்தகம் இருந்தது. திகதி, எண்ணிக்கை, அளந்தவர் என்று மூன்று நிரல்.

96இல் டெக்னீஷியன் டுபாய்க்குப் போய்விட்டான். ஆய்வுகூடத்தின் சொந்தக்காரரை எல்லோரும் லொக்கு மாத்தயா, பெரிய ஐயா, என்றுதான் சொல்வார்கள். அவர் ஒருநாள் காலை பின்னறை வாசலில் நின்று, தரை துடைத்துக்கொண்டிருந்தவளைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

“நங்கி, இந்தப் பொத்தானை அழுத்து. சிவப்பு லைட் அணைந்ததும் இங்கே வரும் நம்பரை அதில் எழுது. முடியுமா?”

“முடியும் மாத்தயா.”

412 என்று எழுதினாள். மறுநாள் 398. அதற்கடுத்த நாள் 421. எதையும் வைக்காத பெட்டி ஏன் ஒரே எண்ணைச் சொல்லவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் எழுதிய பிறகு, அது அப்படித்தான் என்று பிடிபட்டது. நானூற்றுப்பத்தைச் சுற்றி இருபது முன்னே, இருபது பின்னே. எப்போதாவது நாற்பது. பெருமழை பெய்த மறுநாள் கொஞ்சம் கூடும். மழை காற்றிலிருப்பதைக் கழுவி இறக்கிவிடும் என்றார் லொக்கு மாத்தயா. கோட்டுத் தாளில் நடுக்கோடு ஒன்று, எச்சரிக்கைக் கோடு இரண்டு, நிறுத்தக் கோடு இரண்டு வரைந்து கொடுத்தார். தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து முந்தைய புள்ளியோடு இணைக்க வேண்டும்.

அவள் புருஷன் ஏழுமலை தோட்டத்து ரப்பர் பெக்டரியில் பால் உறையவைக்கிறவன். இரண்டு பேச்சுக்கு ஒரு பேச்சு கேலியாகத்தான் வரும்.

“வெறும் பெட்டியில என்னாத்த எண்ணுற? நம்ம வீட்டு டிரங்குப் பெட்டிய வந்து எண்ணு. அதுலயும் ஒன்னுமில்ல.”

“அதுலயும் எண்ணுனா வரும்.”

“அப்ப நாம பணக்காரங்கதான்னு சொல்லு.”

99இல் ஒருநாள் எண்ணிக்கை 530 வந்தது. நிறுத்தக் கோட்டுக்கு வெகு மேலே. அன்றைக்கு இருந்த பட்டதாரிப் பொடியன் கருவி பழுது என்று கொழும்புக்கு டெலிபோன் எடுக்கப் போனான். விஜயகலா மறுபடி எண்ணினாள். 526. கதவைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். முந்தின நாள் மாலை வந்த கல் வியாபாரி மீராசாஹிப், மூடியின் மேல் ஒரு கடுதாசிப் பொட்டலத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஏழெட்டு மங்கிய பச்சைக் கற்கள். எஹலியகொடப் பக்கம் அபூர்வமாகக் கிடைப்பது. தனக்குள்ளேயே தோரியத்தை வைத்திருக்கும் கல். பொட்டலத்தை முன்னறை அலமாரியில் வைத்துவிட்டு வந்து எண்ணினாள். 407.

அதற்குப் பிறகு பின்னறையை யாரும் அவளிடம் கேட்காமல் தொடுவதில்லை. ஆனால் ‘அளந்தவர்’ நிரலில் அவள் பெயர் வந்ததும் இல்லை. பட்டதாரிகள்தான் கையொப்பம் வைப்பார்கள். வாரக் கடைசியில் வந்து, ஏழு வரிகளுக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக வைத்துவிட்டுப் போவார்கள். பன்னிரண்டு வருடத்தில் நான்கு பட்டதாரிகள் வந்து போனார்கள். எழுத்து ஒன்றாகவே இருந்தது.

2007இல் வெளிநாட்டு வாங்குகிறவர்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் சான்றிதழ்தான் வேண்டும் என்று எழுதத் தொடங்கினார்கள். அங்கீகாரம் என்றால் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து, செய்வதாகச் சொன்னதைச் செய்கிறார்களா, செய்ததை எழுதுகிறார்களா என்று பார்ப்பது. அந்த வேலையை ஒழுங்குபடுத்த ஜதீஸ்வரன் என்பவரைத் தர முகாமையாளராக எடுத்தார்கள். ஐம்பது வயது. கிளிநொச்சிப் பக்கத்துக்காரர்; கொழும்பில் அரசாங்க வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். மனைவியும் மகளும் இன்னும் ஊரில்தான் இருந்தார்கள். யுத்தத்தால் பாதை பூட்டியிருந்தது.

அவர் வந்து முதலில் செய்தது ஆட்களின் பட்டியல்.

“விஜயகலாவை எந்த நிரலில போடுறது?” என்று லொக்கு மாத்தயாவிடம் கேட்டார்.

நியமனக் கடிதத்தில் உள்ளபடி போடச் சொன்னார் லொக்கு மாத்தயா. ஜதீஸ்வரன் போட்டார். தொழில்நுட்ப ஆளணி என்று ஒரு தாள். துப்புரவு ஆளணி என்று இன்னொரு தாள். இரண்டாவது தாளில் அவள் பெயர் இருந்தது.

2008 ஏப்ரலில், கருவியைச் சரிபார்க்கும் சீசியம் வில்லையின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. ரூபாய் நாணயக் குற்றி அளவிலான வில்லை அது. கொழும்பில் கொடுத்து அளந்து திரும்ப எடுத்துவர வேண்டும். கடைசிப் பட்டதாரி அப்போதுதான் விலகியிருந்தான். லொக்கு மாத்தயா வெளிநாட்டுக் கூட்டமொன்றுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ‘இக்கடிதம் கொண்டுவருபவர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். விஜயகலா ஒருநாள் வில்லையைக் கொடுத்தாள், இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கினாள்; இரண்டு தடவையும் காலையில் பின்னணியை எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அரிசி அளக்கும் சுண்டு அளவு ஈயக் கிண்ணத்தில் அது இருந்தது. மஞ்சளில் மூன்று இதழ் அடையாளம் ஒட்டியிருந்தது. பையின் அடியில் அதை வைத்து, மேலே சோற்றுப் பார்சலை வைத்தாள்.

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பையில் கைக்கு அடங்காத கனம்.

“மொகக்த மே?” என்ன இது என்று பொலிஸ்காரன் கிண்ணத்தைக் காட்டிக் கேட்டான்.

மருந்து என்று சொல்லியிருக்கலாம். தராசுக் கல் என்று சொல்லியிருக்கலாம். ஏழுமலை பிறகு அப்படி இருபது பொய்களைப் பட்டியலிட்டான். அவள் அளந்ததைச் சொல்லிப் பழகியவள். சீசியம் நூற்றுமுப்பத்தேழு என்றாள். கதிர்த்தொழிற்பாடு உள்ளது என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். எவ்வளவு என்று கேட்காமலே எவ்வளவு என்றும் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னே போனார்கள்.

நிலையத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு டெலிபோன் வந்தது. எடுத்தவள் அலுவலக எழுதுவினைஞர் ஸபியா. இரத்தினபுரி டவுன்காரி, விஜயகலாவைவிட இரண்டு வயது இளையவள். விஜயகலா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்கள். ஸபியா பயந்துபோய், மேசையில் இருந்த புதுப் பட்டியலைப் பார்த்தாள். தொழில்நுட்பத் தாளில் அந்தப் பெயர் இல்லை. துப்புரவுக்காரி என்று உள்ளதைச் சொன்னாள்.

துப்புரவுக்காரி ஒருத்தி பையில் சீசியம் கொண்டுபோகிறாள். ஆறு நாள் வைத்திருந்தார்கள்.

கிண்ணத்தை நிலையத்து முற்றத்தில் மாமரத்தடியில் வைத்து, சுற்றி நான்கு கதிரைகளைக் கவிழ்த்து வேலி போட்டார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. நிலையத்து நாய் மட்டும் நிழலுக்காக அதன் பக்கத்தில் படுத்தது. பெண் பொலிஸ் ஒருத்தி, இதனால் பிள்ளை பிறக்காமல் போகுமா என்று இரகசியமாகக் கேட்டாள். போகாது என்றாள் விஜயகலா. ஏழுமலை தினமும் சோற்றுப் பார்சலோடு வந்து வாசலில் நின்றான். மூன்றாம் நாள் மத்தியானம் தகரக் கூரையில் பெருமழை கேட்டது. நாளைக்கு 440க்கு மேலே போகும் என்று அவளுக்குத் தோன்றியது. மற்றபடி அங்கே என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஏழுமலையும் கேட்கவில்லை.

லொக்கு மாத்தயா திரும்பி வந்து நேரில் போனார். பத்து நிமிடத்தில் விட்டார்கள்; கிண்ணத்தையும் கொடுத்தார்கள். காரில் வரும்போது, “பாவம் நங்கி, இப்படி ஆகிவிட்டதே” என்றார். அடுத்த நாள் காலை அவள் பின்னறையைத் திறந்து, வெறும் பெட்டியை மூடி, பொத்தானை அழுத்தினாள். 415. வலது கைச் சுண்டுவிரலில் உணர்ச்சி குறைந்திருந்தது. பென்சில் பிடிக்க அந்த விரல் தேவைப்படவில்லை. ஆறு வரிகளை விட்டுவிட்டு ஏழாவது வரியில் எழுதினாள். கோட்டுத் தாளிலும் ஆறு கட்டம் தள்ளிப் புள்ளி வைத்தாள். முந்தைய புள்ளியோடு இணைக்கவில்லை.

ஸபியா வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, நான் லிஸ்ட்ட பாத்துத்தான் சென்னேன். அல்லாஹ்மேல ஆண.”

“லிஸ்ட்டுல அப்புடித்தானே இருக்கு.”

“ஏசுங்களேன் அக்கா. ஏசினா நல்லம்.”

“லைட்டு அணையப்போகுது, தள்ளி நில்லு” என்றாள் விஜயகலா. கோபமில்லை. எதுவுமே இல்லை. தனக்குள்ளே தேடிப் பார்த்தால் மரப்பலகையைத் தட்டுவது போல் இருந்தது.

நவம்பரில் மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. அக்டோபர் கடைசியில் லொக்கு மாத்தயா பின்னணிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு வரிகள் காலியாக இருந்தன. தினமும் பின்னணி எண்ணப்படும் என்று அவர்களே எழுதிக் கையொப்பமிட்ட நடைமுறையில் இருந்தது. அவளைக் கூப்பிட்டார்.

“நங்கி, இதை நிரப்பிவிடு. உனக்குத் தெரியாத நம்பரா?”

அவள் புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை.

“அங்கீகாரம் கிடைத்தால் உன்னை அளவீட்டு உதவியாளராகப் போடுகிறேன். நீயே கையொப்பம் வைக்கலாம். கிடைக்காவிட்டால் இந்தக் கருவியை மூடவேண்டியதுதான். உனக்கு முன்னறையும் பின்னறையும் கூட்டத்தான் இருக்கும்.”

“ஹரி மாத்தயா” சரி என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்குத் தெரியாத நம்பர் இல்லைதான். பொய்க்கு எழுதுகிறவர்கள் நடுக்கோட்டை ஒட்டியே எழுதுவார்கள், அதனால்தான் பிடிபடுவார்கள். அவளால் உண்மையைப் போலவே அலையவிட முடியும். 403, 419, 388. நாலாம் நாளுக்கு 446; மழை அவளுக்கு நினைவிருந்தது. பிறகு 427, 410. எந்த மதிப்பீட்டாளராலும் கண்டுபிடிக்க முடியாது. பென்சிலைச் சீவிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு நாளும் பெட்டி எண்ணப்படவில்லை. அவள் இங்கே இல்லை. எழுதினால் இங்கே இருந்ததாக ஆகிவிடும். அப்படியானால் அங்கே இருந்தது யார்?

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். லொக்கு மாத்தயா மறுபடி கேட்கவில்லை. அவள் எழுதிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் தலை நரைத்த சிங்களவர். காதில் பென்சில் செருகியிருந்தார். தேநீர் வேண்டாம் என்றார். பின்னணிப் புத்தகத்தை எடுத்து மெதுவாகப் புரட்டினார். முதலில் எண்ணைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்.

“இதை எழுதியது யார்?”

லொக்கு மாத்தயா கையொப்பங்களைக் காட்டினார். நான்கு பட்டதாரிகள்.

“கையொப்பம் நான்கு. எழுத்து ஒன்று” என்றார் மதிப்பீட்டாளர். அறையின் மூலையில் நின்றவளைப் பார்த்தார். “நீங்களா?”

“நான்தான்.”

பிறகு ஆறு வெற்று வரிகளுக்கு வந்தார். லொக்கு மாத்தயா விஜயகலாவைப் பார்த்தார். அவள் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பீட்டாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு படிவத்தில் எழுதினார். இணங்காமை, ஒன்று: அளந்தவரின் பெயர் பதிவில் இல்லை. இணங்காமை, இரண்டு: ஆறு நாட்களின் பின்னணி இல்லை. மூலக் காரணமும் திருத்த நடவடிக்கையும் முப்பது நாளில் எழுதி அனுப்ப வேண்டும்.

அவர் போனதும் லொக்கு மாத்தயா கதவைச் சாத்தினார். கத்தவில்லை. அதுதான் அவருடைய வழக்கம்.

“நிரப்பச் சொன்னேன்.”

“நான் எண்ணவில்லை மாத்தயா.”

“மின்சாரம் இல்லை என்று எழுதிக்கொள்கிறோம்” என்றார் பக்கத்தில் நின்ற ஜதீஸ்வரனிடம்.

“கரண்ட் போயிருந்தால் கருவியில் திகதி அழிந்திருக்கும். அழியவில்லை. மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்” என்றாள் விஜயகலா.

முதலில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதி அனுப்பினார்கள். ஜனவரியில் அது திரும்பி வந்தது. ‘இது காரணம் அல்ல’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. இன்னும் முப்பது நாள்.

ஜதீஸ்வரன் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். மூலக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஏன். மேசையில் அவருடைய கைத்தொலைபேசி முகம் மேலாக வைத்திருந்தது. வடக்கில் யுத்தம் உச்சத்திலிருந்த அந்த மாதங்களில் அது அப்படியேதான் இருந்தது. ஊரிலிருந்து மணி அடிக்கவில்லை.

“ஏன் ஆறு நாளும் எண்ணுப்படேல்லை?”

“எண்ணுற ஆள் வரலீங்க சேர்.”

“ஏன் வேறை ஆள் எண்ணேல்லை எண்டு பிறகு கேப்பம். ஏன் வரேல்லை?”

“ஒங்களுக்குத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.”

“பொலிஸ்ல இருந்தேன்.”

அவர் எழுதினார். வடக்குப் பெயர் உள்ள ஒருவர் அந்தச் சொல்லை எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டிய மாதம் அதுவல்ல.

“ஏன் பிடிச்சவை?”

“வில்லைய கொண்டுட்டு வந்தேன்.”

“கொண்டு வரச் சொன்னது ஆய்வுகூடம்தானே. அப்ப ஏன் விடேல்லை?”

“லிஸ்ட்டுல பேரு இல்லீங்க. கூட்டுற ஆள்னு இருந்துச்சு.”

“ஏன் இல்லை?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். பென்சிலை வைத்தார். “லிஸ்ற் போட்டது நான்தானே. அஞ்சாவது ஏனுக்குப் பதில் நான்.”

“நீங்க கடுதாசியில இருந்தத போட்டீங்க சேர்.”

“போன் வந்தண்டைக்கு நான் பக்கத்து அறையிலதான் இருந்தனான், விஜயகலா.”

“தெரியுமுங்க. ஸபியா சொன்னா.”

“வந்திருக்கலாம். வந்து சொல்லியிருக்கலாம்.”

“வந்திருந்தா உள்ள ரெண்டு பேரு” என்றாள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது.

அவர் சிரித்தது போலிருந்தது. தொலைபேசியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகம் மேலாக வைத்தார்.

கடைசியில் படிவத்தில் இருந்தது மூன்று வரி. ‘அளப்பவர் பணி நிமித்தம் சோதனைக் கதிர்மூல வில்லையை எடுத்துவருகையில் ஆறு நாட்கள் பொலிஸ் காவலில் வைக்கப்பட்டார். ஆளணிப் பட்டியலில் அவர் அளப்பவராகக் காட்டப்பட்டிருக்கவில்லை. பயிற்றப்பட்ட இரண்டாவது ஆள் இருக்கவில்லை.’ லொக்கு மாத்தயா அதை மூன்று தடவை வாசித்தார். பொலிஸ் என்ற சொல்லின் மேல் பேனையை வைத்து எடுத்தார். வேறு எதை எழுதினாலும் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையொப்பம் வைத்தார். அவளிடம் அதன் பிறகு பல வாரம் நேராகப் பேசவில்லை.

திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் இரண்டு விஷயம் எழுதினார்கள். விஜயகலாவை அளவீட்டு உதவியாளராகப் பட்டியலில் சேர்ப்பது. ஸபியாவை இரண்டாவது ஆளாகப் பயிற்றுவது.

மார்ச்சில் புதுக் கடிதம் வந்தது. அவள் அன்று ‘அளந்தவர்’ நிரலில் முதல் தடவையாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். கட்டத்துக்குள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. ஏழுமலையிடம் சொன்னாள்.

“அப்ப இனிமே நீ மெய்யாலுமே வெறும் பெட்டிய எண்ணுறவ. கவர்மெண்டுக்கே தெரிஞ்சுபோச்சு” என்றான். பிறகு கேலியை விட்டு, “வெரலு எப்புடியிருக்கு?” என்று கேட்டான்.

“அப்படியேதான்.”

ஸபியா பழகினாள். வளையலைக் கழற்றி வெளியே வைப்பது, மூடியை மெதுவாக இறக்குவது, மூடிமேல் யாராவது எதையாவது மறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. முதல் நாள் 431 வந்ததும் பதறினாள்.

“கூடிட்டே அக்கா! என்னத்தயும் தொட்டுட்டேனோ?”

“கோட்டுக்குள்ளதானே இருக்கு. விடு.”

“ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்டு சென்னா எதத்தான் நம்புற?”

“எல்லாத்தயும் எழுது. நம்புறது பொறவு.”

அங்கீகாரம் ஏப்ரலில் கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார்கள். படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் மீதியிருந்தது. எடுத்த நடவடிக்கை பயன் தருகிறதா என்று சரிபார்த்து எழுத வேண்டும். அதற்கு விஜயகலா வராத ஒரு நாள் வேண்டும். அவள் லீவு எடுக்கிறவள் இல்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. அந்தக் காலை டவுனில் வெடி கொளுத்தினார்கள். சந்திக்குச் சந்தி பாற்சோறு கொடுத்தார்கள். லொறிகளில் கொடி பிடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். தோட்டத்தில் லயத்துக் கதவுகள் சாத்தியே இருந்தன. விஜயகலா சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“இன்னைக்கு போகாத” என்றான் ஏழுமலை. அதில் கேலி இருக்கவில்லை.

அவள் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தாள். எட்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு, இப்போது லைட் அணைந்திருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் போனபோது புத்தகத்தில் அந்தத் திகதி நிரம்பியிருந்தது. ஸபியாவின் உருண்டையான எழுத்து. 417. அளந்தவர்: ஸபியா. வெடிச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு எண்ணியதாகச் சொன்னாள் அவள்.

ஜதீஸ்வரன் வந்திருந்தார். சவரம் செய்யவில்லை. தொலைபேசி மேசையில் முகம் மேலாக இருந்தது. அவருடைய வீட்டார் எங்கே என்று அவருக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. படிவத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தை வாசித்தார்.

“நேற்று நீங்கள் வரேல்லை. பின்னணி எண்ணுப்பட்டிருக்கு. அப்ப நடவடிக்கை பயன் தருது.”

“ஆமாங்க.”

“இன்னொரு கேள்வி கிடக்கு. அதே காரணத்தால திரும்பவும் நடக்குமோ எண்டு கேக்குது.”

அவள் யோசித்தாள். வெளியே இன்னும் எங்கேயோ ஒரு வெடி வெடித்தது.

“பின்னணி மட்டும் விடுபடாதுங்க சேர்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அதையே எழுதினார். திகதி போட்டுக் கையொப்பம் வைத்து, படிவத்தை மூடிய கோப்புகள் இருந்த தட்டில் வைத்தார்.

விஜயகலா கோட்டுத் தாளில் 417க்கு ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு இணைத்தாள். வளையலைக் கழற்றி வெளியே வைத்தாள். மூடியின் மேல் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.